சப்வூஃபர் இணைப்பு: ஆர்சிஏ கேபிளா, ஸ்பீக்கர் ஒயரா?

சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) இணைக்க, ரிசீவரின் பின்னால் 'சப் அவுட்' துளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒற்றை ஆர்சிஏ கேபிள் போதும். பாட்டுக்கு மட்டும் சப் ஊமையாக இருக்கிறதா? பெரும்பாலும் ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருக்கும், அதனால் பேஸ் சப்புக்குப் போகாது. 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழான ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இதில் பெரிய தலைவலி 'ம்ம்ம்' என்ற இரைச்சல். சப்பையும் ரிசீவரையும் ஒரே பிளக் பாயிண்டில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்றால் பெரும்பாலும் அந்த 'சப் அவுட்' இருக்காது. ஸ்பீக்கர் ஒயரை சப்பின் ஹை லெவல் இன்புட்டுக்குத்தான் (ஸ்பீக்கர் ஒயருக்கான முனைகள்) கொண்டுபோக வேண்டும் (ஆர்சிஏ துளையில் மட்டும் கூடவே கூடாது). பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் மெலியும். ஆம்பை அணைத்துவிட்டே கை வையுங்கள். ஒயரின் ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்.