நியூபோர்ட் 63: மூன்று குரல், ஒரு மேடை

லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பவான் குழுவின் 'அட் நியூபோர்ட் 63' ஆல்பத்தைப் பல வருஷமாகக் கேட்டுவருகிறேன். முன்பு சிடி, இப்போது பெரும்பாலும் ஃபோன். ஜாஸ் பாட்டுக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இதே குழுவின் முந்தைய காலத்தைத்தான் சொல்வார்கள், ஆனி ராஸ் கூடப் பாடிய நாட்களை. அந்தப் பெருமையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வீட்டில் திரும்பத் திரும்ப ஓடுவது, 1963-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா மேடையில் பாடிய இந்த நேரடிப் பதிவுதான்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ட்ரம்பெட்காரரோ சாக்ஸபோன்காரரோ இசைத்தட்டில் வாசித்து வைத்துவிட்டுப் போன சோலோவை, ஸ்வரம் பிசகாமல் எடுத்து, அதற்கு வார்த்தை போட்டுப் பாடுவதுதான் இவர்களுடைய வேலை. ஸ்வரஜதியில் ஸ்வரத்தைப் பாடிவிட்டு அதே ஸ்வரங்களுக்குச் சாகித்யம் பாடுவார்களே, ஏறக்குறைய அது. இங்கே அந்த ஸ்வரங்கள் வாத்தியக்காரரின் மனோதர்மத்தில் அந்த நிமிஷம் பிறந்தவை என்பதால் பாடகர்கள் பாடு திண்டாட்டம். மூச்சு எடுக்க இடம் விட்டு யாரும் சாக்ஸபோன் வாசிப்பதில்லை, குறைந்தபட்சம் பாடகருக்குத் தேவையான இடத்தில் விடுவதில்லை. வார்த்தைகள் பெரும்பாலும் ஜான் ஹென்ட்ரிக்ஸ் எழுதியவை.

இந்தக் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1957-ல் பதிவான 'சிங் எ சாங் ஆஃப் பேஸி'. டேவ் லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ஆனி ராஸ் மூவரும் தங்கள் குரல்களையே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்து, பியானோக்காரர் கவுன்ட் பேஸியின் பெரிய ஜாஸ் பேண்டின் மொத்தக் காற்று வாத்தியங்களையும் தொண்டையாலேயே கட்டி எழுப்பினார்கள். பிரமிப்பான வேலை. ஆனால் அதைத் தினமும் கேட்க முடிகிறதா? எனக்கு முடியவில்லை. காதுக்கு ஓய்வே கிடையாது. எங்கு பார்த்தாலும் குரல்.

அந்த ஆல்பத்தில் இருந்த 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' நியூபோர்ட்டிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மேடையில் மூன்று பேர்தான், அடுக்கிக்கொள்ள வழியில்லை. எல்லா வரியையும் பாட முடியாததால் எதை விடுவது என்று தீர்மானித்தாக வேண்டும். விட்ட இடங்களில் கில்டோ மஹோன்ஸின் பியானோவும் ஜார்ஜ் டக்கரின் பாஸும் ஜிம்மி ஸ்மித்தின் ட்ரம்ஸும் வந்து நிற்கின்றன. (ஆர்கன் வாசித்த ஜிம்மி ஸ்மித் வேறு ஆள்.) இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்தப் பதிவு அலுக்காததற்கு முதல் காரணம் இந்த விட்ட இடங்கள்தான்.

இரண்டாவது காரணம் விருந்தாளிகள். ட்ரம்பெட்டுக்கும் அதன் உறவான ஃப்ளூகல்ஹார்னுக்கும் கிளார்க் டெர்ரி, டெனர் சாக்ஸபோனுக்கு கோல்மன் ஹாக்கின்ஸ். டெர்ரி ஒரு காலத்தில் பேஸியின் பேண்டிலேயே வாசித்தவர். ஹாக்கின்ஸ் 1939-ல் 'பாடி அண்ட் சோல்' பதிவு செய்தவர், டெனர் சாக்ஸபோன் சோலோ என்றால் என்ன என்பதற்கே இலக்கணம் எழுதிய கை. 1963 ஜூலையில் அவருக்கு வயது 58. வாத்திய சோலோக்களைக் குரலில் பெயர்ப்பவர்கள், அப்படிப்பட்ட சோலோக்களை வாசித்த தலைமுறையின் முன்னாலேயே நின்று பாடுகிறார்கள். கொஞ்சம் நடுக்கம் இருந்திருக்க வேண்டும். குரலில் துளியும் தெரியவில்லை.

இனி யோலாண்ட் பவான். கொழும்பில் பிறந்தவர், லண்டனில் நடிகையாகவும் பாடகியாகவும் இருந்தவர், 1962-ல் ஆனி ராஸ் விலகியபின் குழுவில் சேர்ந்தவர். ராஸின் இடத்தை நிரப்புவது லேசான காரியமல்ல. ட்ரம்பெட்டின் உச்ச ஸ்வரங்களை அவர் எட்டிப் பிடிக்கும் விதம் யாருக்கும் வராது. பவான் அந்தப் போட்டிக்கே போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருடைய குரல் மெலிசு, ஓரத்தில் லேசாகக் கூர். தனியாகப் பாடும்போது ராஸ் அளவுக்கு நம்மை உலுக்குவதில்லை. மூவரும் சேரும் இடத்தில்தான் அவர் மதிப்பு தெரியும். இரண்டு ஆண் குரல்களுக்கு மேலே ஒரு மெல்லிய கோடு போலப் போகிறார், அதனால் லாம்பர்ட் பாடும் நடு வரி அமுங்காமல் கேட்கிறது. ராஸ் காலத்துப் பதிவுகளில் லாம்பர்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பாட்டு வாரியாகச் சொன்னால், எனக்குப் பிடித்தது 'யே யே'. மோங்கோ சான்டமாரியா வாசித்த லத்தீன் மெட்டுக்கு ஹென்ட்ரிக்ஸ் வார்த்தை எழுதினார். வேலை முடிந்து ஒருவன் காதலிக்கு ஃபோன் செய்கிறான், சினிமாவுக்குப் போகலாமா என்கிறான், அவளோ வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டு ரெக்கார்டு கேட்கலாம் என்கிறாள். அவ்வளவுதான் கதை. இதையே ஜார்ஜி ஃபேம் பாடி 1965 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார், உலகத்துக்குத் தெரிந்தது அந்த வடிவம்தான். எனக்கு நியூபோர்ட் வடிவமே போதும். ஹெர்பி ஹேன்காக்கின் 'வாட்டர்மெலன் மேன்', கேனன்பால் ஆடர்லியின் 'சாக் ஓ வோ' இரண்டும் சமைக்கும்போது போட ஏற்றவை, கவனம் கேட்காது, கை தானாகத் தாளம் போடும். 'கிளவுட்பர்ஸ்ட்' அப்படியல்ல. ஹென்ட்ரிக்ஸ் வார்த்தைகளைக் கொட்டும் வேகத்தில் வரிகளைப் பிடிக்க எனக்கு வருஷங்கள் ஆயின. இன்னும் சில இடம் பாக்கி.

'கிம்மி தட் ஒயின்' மட்டும் இப்போது தாண்டிவிடுகிறேன். வீடு தீப்பற்றினாலும் தன் ஒயின் பாட்டில்தான் முக்கியம் என்று நினைக்கும் ஆளின் நகைச்சுவைப் பாட்டு. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் சிரிப்பு வரும். சோஃபாவில் தனியாக, எல்லாம் தெரிந்தபின், வராது.

கேட்கும் கருவி பற்றி. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், டக்கரின் பாஸ் காணாமல் போய்விடும், அது போனால் மூன்று குரலும் அந்தரத்தில் தொங்கும். மலிவு இயர்ஃபோனில் பவானின் மேல் ஸ்வரங்கள் குத்துகின்றன. அறையில் ஒரு சுமாரான ஸ்பீக்கர் இருந்தாலே போதும். இணையத்தில் தேடும்போது பவான் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ராஸ் காலத்துப் பதிவுகள்தான் வரிசையாக வந்து நிற்கும்.

பிடித்துப்போனால் அடுத்ததாக, அதே ஆண்டு நியூயார்க்கின் 'வில்லேஜ் கேட்' கிளப்பில் பதிவான 'ஹேவின் எ பால்' கேளுங்கள். அங்கே டெனருக்கு புக்கர் எர்வின், ட்ரம்பெட் போன்ற கார்னெட்டுக்கு தாட் ஜோன்ஸ். விழா மைதானத்தின் ஆரவாரம் இல்லாத கிளப் பதிவு அது. நான் முதலில் வாங்கச் சொல்வது நியூபோர்ட்டைத்தான், ஹாக்கின்ஸுக்காகவே.