நாற்பதடி டிரெய்லர்: சட்டம் தங்கம், இழுப்பு மட்டும் குத்துகிறது

சங்ககிரி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: விலையை இறக்கியிருக்கிறார்களே, இந்த நாற்பதடி ஸ்கெலிட்டலை (கண்டெய்னர் ஏற்றும், மேல்தளமில்லாத வெறுஞ்சட்ட டிரெய்லரை) எடுக்கலாமா என்று. மூன்று ஆக்ஸில், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சஸ்பென்ஷன், இதெல்லாம் அவருக்கே தெரியும். பெங்களூரு வொயிட்ஃபீல்டு கண்டெய்னர் டிப்போவிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை வருஷக்கணக்கில் இதை ஓட்டியதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குத்து. முன்னும் பின்னும் இடிக்கிற அந்தக் குத்து.

சட்டத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முன்பக்கம் சட்டம் கழுத்து மாதிரி வளைகிற இடத்தில், மற்ற வண்டிகள் முதலில் விரிசல் விடுகிற அந்த வெல்டிங்கில், மயிரிழைக் கீறல்கூட இல்லை. பெட்டியைப் பிடிக்கும் ட்விஸ்ட் லாக் எல்லாம் இன்றைக்கும் ஒரு கையால் திரும்புகின்றன. முழு லோடில் நடு வளைவு கண்ணுக்குத் தெரியாது. இப்படி ஒரு சட்டத்தைக் கட்டத் தெரிந்தவர்கள் அடியில் அப்படி ஒரு வேலையை ஏன் செய்தார்கள் என்பதுதான் ஆற்றாமை.

டிரைவர்கள் எல்லாக் கோளாறுக்கும் "உதறுது" என்று ஒரே சொல்லைச் சொல்வார்கள். எப்போது உதறுகிறது என்று கேட்டுப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் குத்தினால் கிங்பின் (டிரெய்லரை இழுப்பு வண்டியோடு கோக்கும் இரும்பு முளை) பக்கம் பாருங்கள். பிரேக்கில் மட்டும் முதுகில் தள்ளினால் ஏர் லைன், ஸ்லாக் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை). ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் டயர், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்). எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்து ஜாயின்ட்களில் ஒவ்வொன்றுக்கும் அடியிலிருந்து 'டங்' என்று கேட்டால் சஸ்பென்ஷன் புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை).

கிங்பின் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஒர்க்‌ஷாப் தேவையில்லை. சமதளத்தில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துவிட்டு, ஹார்ஸை (முன்னால் இழுக்கும் வண்டியை) முதல் கியரில் மெல்ல முன்னேயும் ரிவர்ஸில் மெல்லப் பின்னேயும் அசைக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில், வண்டிக்கு வெளியே தள்ளி நின்று, ஹார்ஸின் முதுகில் கிங்பின்னைப் பிடிக்கும் ஃபிப்த் வீல் தட்டையும் டிரெய்லரின் அடித்தட்டையும் பார்க்க வேண்டும். மேல் தட்டு அப்படியே நிற்க, கீழ்த் தட்டு மட்டும் நகர்ந்தால் ஆட்டம் கிங்பின்னிலோ அதைக் கவ்வும் லாக்கிலோ இருக்கிறது. இரண்டு தட்டும் ஒட்டி நிற்க, ஹார்ஸ் சட்டம் மட்டும் அசைந்தால் ஃபிப்த் வீலின் பிராக்கெட் புஷ், மவுண்டிங் போல்ட். அதற்கு டிரெய்லரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது அளவு. ஹார்ஸைக் கழற்றி, டிரெய்லரின் லேண்டிங் லெக்கை (முன் தாங்குகாலை) திடமான தரையில் நிறுத்தி, பழைய கிரீஸை டீசலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெர்னியர் பிடியுங்கள். இரண்டு இன்ச் கிங்பின்னின் கழுத்து புதிதில் 50.8 மில்லிமீட்டர்; 49க்குக் கீழே போனால் பின்னை மாற்ற வேண்டும். அதற்கு மேலே உள்ள அகன்ற பகுதி புதிதில் 73; 71 வரைதான் தாங்கும். இங்கே பெரும்பாலோர் தவறவிடுவது ஒன்று உண்டு. கிங்பின் சுற்றிலும் சமமாகத் தேயாது. இழுக்கும்போது பின்னாலிருக்கும் லாக் அதை அழுத்துகிறது, பிரேக்கில் முன்னாலிருக்கும் வேர் ரிங் (தேய்மானம் தாங்கும் வளையம்) மேல் அது மோதுகிறது. ஆகவே தேய்மானம் முன்-பின் வாக்கில் அதிகம், பக்கவாட்டில் குறைவு. பக்கவாட்டில் மட்டும் அளந்தால் 50.5 காட்டும், நிம்மதியாக வந்துவிடுவோம். முன்-பின் அளந்தால் 49ஐ ஒட்டி நிற்கும்.

தேய்ந்த பின்னை வைத்துக்கொண்டு ஃபிப்த் வீலின் அட்ஜஸ்டிங் போல்ட்டை முறுக்குவது இன்னொரு பிழை. நேராக நிற்கும்போது ஆட்டம் போய்விடும். யூ-டர்னில் பின்னின் தேயாத பக்கம் லாக்குக்குள் வரும்போது இறுகிப் பிடிக்கும். ஸ்டியரிங் கனக்கும், லாக் சீக்கிரம் போகும். புது அளவுப் பின்னை வைத்துத்தான் லாக்கை சரிசெய்ய வேண்டும். ஒரே டிரெய்லரை இன்று ஒரு ஹார்ஸ், நாளை வேறு ஹார்ஸ் என்று மாற்றிக் கட்டுகிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். ஒரு வண்டியின் தேய்ந்த லாக் அடுத்த வண்டியின் நல்ல பின்னையும் சேர்த்துத் தின்னும்.

தேய்ந்த கிங்பின்மேல் வெல்டிங் ஏற்றி, உருட்டித் தேய்த்துத் தருகிற பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தயவுசெய்து போகாதீர்கள். அது ஃபோர்ஜ் செய்து சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும், விரிசல் உள்ளேயிருந்து தொடங்கும். கிருஷ்ணகிரி இறக்கத்தில் முழு லோடைப் பிடித்திருப்பது அந்த ஒற்றைப் பின்தான். பணம் மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

கிரீஸ் விஷயத்தில் ஒன்று. பழசின்மேல் புதிதை அப்புவது கிரீஸ் போடுவதே ஆகாது. பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும் தோண்டிய மண்ணும் சிமென்ட் தூசியும்தான்; அது கிரீஸில் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கிறது. மாதம் ஒருமுறையாவது முழுக்கத் துடைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸை புதிதாகப் போட வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த டிரெய்லருக்கும் பொருந்தும். இந்த மாடலுக்கே உரிய வினை டார்க் ராட் புஷ்.

ஆக்ஸிலை முன்-பின் நகராமல் பிடித்திருப்பது டார்க் ராட். அதன் ரப்பர் தளர்ந்தால் பிரேக் போடும்போதெல்லாம் ஆக்ஸில் பின்னுக்கு இழுபட்டுத் திரும்பும், அந்த அடி அப்படியே கிங்பின்னுக்குப் போகும். கடப்பாரையை ராடின் வளைய முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் நல்ல புஷ் விறைத்து நிற்கும், போனது சளசளவென்று அசையும். புஷ்ஷின் விலை ஒன்றும் இல்லை, ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். போல்ட்தான் கொலை. தண்ணீர் இறங்கி, புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கம்பெனி போல்ட்டை உள்பக்கத்திலிருந்து வெளியே வருமாறு கோத்திருக்கிறது. போல்ட்டின் தலைக்கு நேரே பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் டப்பா). சேம்பரைக் கழற்றாமல் போல்ட் வராது. ஒட்டிய போல்ட்டுக்கு கேஸ் கட்டிங் போட்டால் அடுத்த புஷ்ஷின் ரப்பர் கருகுகிறது. அரை நாள் வேலை இரண்டு நாள் ஆகிறது. போல்ட்டைத் திருப்பிக் கோத்திருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. வரைபடத்தில் ஒரு கோடு மாற வேண்டும், அவ்வளவே.

புஷ் மாற்றிய பிறகுதான் ஆக்ஸில் அலைன்மென்ட் (நேர் பார்ப்பது). முறை மாறினால் காசு வீண்: முதலில் புஷ், அடுத்து ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் யூ-போல்ட்டின் இறுக்கம், கடைசியில் அளவு. வண்டியைச் சில மீட்டர் நேராக இழுத்து, டிரெய்லர் பிரேக்கைத் தொடாமல் நிறுத்துங்கள். கிங்பின் நடுவிலிருந்து முன் ஆக்ஸிலின் இரு ஹப் நடுவுக்கும் ஸ்டீல் டேப்பால் அளந்தால் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் ஆக்ஸிலுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். நீளம் மாற்றக்கூடிய ராட் ஒரு பக்கம் இருக்கும், அதில்தான் சரிசெய்ய முடியும். முதல் லோடு ஓடி வந்ததும் யூ-போல்ட்டை மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். பட்டைகள் அமர்ந்து, நட்டு தளர்ந்திருக்கும்.

பிரேக்கில் தள்ளுகிறது என்றால், முதலில் யாராவது டிரெய்லர் ஸ்லாக்கைத் தளர்த்திவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரேக் லைனர் மிச்சமாகும் என்று செய்கிற வேலை. டிரெய்லர் பிடிக்காமல் ஹார்ஸ் மட்டும் பிடித்தால் பின்னாலிருக்கும் அத்தனை எடையும் கிங்பின்மேல் மோதும். ஈரச் சாலையில் வண்டி மடங்கும். 30 வகை சேம்பர் என்றால் ஆறு பார் அழுத்தத்தில் முழுக்க மிதித்தபோது சேம்பரின் புஷ் ராட் வெளியே வருவது 51 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆறு சக்கரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். அளவு சரியாக இருந்தும் டிரெய்லர் தாமதமாகப் பிடித்தால், பிரேக் மிதித்ததைக் காற்றால் சொல்லும் மஞ்சள் ஹோஸையும் சேம்பர்களுக்குக் காற்றை விடும் ரிலே வால்வையும் பாருங்கள். ஏர் டேங்க் தண்ணீரை வடிக்காத வண்டியில் வால்வு ரப்பர் முதலில் போகும்.

லோடு வைக்கும் இடமும் உதறலைக் கொண்டுவரும். கனமான இருபதடிப் பெட்டி ஒன்றை மட்டும் கடைசியில் வைத்தால், அதன் மையம் மூன்று ஆக்ஸிலின் நடுவுக்குப் பின்னால் போய்விடுகிறது. கிங்பின்னில் எடை ஏறுவதற்குப் பதில் தூக்குகிறது, ஹார்ஸின் பின்சக்கரம் லேசாகிறது, இழுப்பு முழுக்கக் குத்துகிறது. மூன்று ஆக்ஸிலுக்கு 2018இல் உயர்த்திய வரம்பே 27 டன்தான்; 24 டன் பெட்டியைக் கடைசியில் வைத்தால் டிரெய்லர் எடையும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். டிப்போவில் நடு ட்விஸ்ட் லாக்கில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இரட்டை டயரில் ஒன்று ரீட்ரெட் (புதுத்தோல் போட்ட பழைய டயர்), ஒன்று புதிது என்று போட்டு, விட்டம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் அதுவும் நடுக்கும். காலி வண்டி துள்ளுவது மட்டும் குறையல்ல. 27 டன்னுக்கு அடித்த பட்டை காலியில் வளையாது. அதற்காக டயர் காற்றைக் குறைக்காதீர்கள்.

ஆக, வாங்கலாமா? சட்டம் முதல் தரம், ட்விஸ்ட் லாக் முதல் தரம், மறுவிற்பனையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதே. இன்னும் கொஞ்சம் போட்டு ஏர் சஸ்பென்ஷன் எடுங்கள். விலைக்காக இதைத்தான் எடுப்பது என்று முடிவாகிவிட்டால், டெலிவரிக்கு முன்னால் டார்க் ராட் போல்ட் அத்தனையையும் கழற்றி, துருவில் ஒட்டாமலிருக்க ஆன்டி-சீஸ் பூசி, பிராக்கெட் இடம் கொடுக்கிற இடத்திலெல்லாம் திருப்பிக் கோத்துத் தரச் சொல்லுங்கள். கிங்பின்னிலிருந்து முன் ஆக்ஸில் வரை இரண்டு பக்க அளவையும் அங்கேயே எடுங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டியை யார்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.