பள்ளியின் வெளியேறும் கதவுகளுக்குப் பேனிக் பார்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் அரசுப் பள்ளியின் கூட்ட அரங்கிலும் தரைத்தளத் தாழ்வாரத்தின் கோடியிலும் உள்ள இரட்டைக் கதவுகளுக்குக் கடந்த கல்வியாண்டில் பேனிக் பார் பொருத்தப்பட்டது. கதவின் உட்புறத்தில் குறுக்காக இருக்கும் தண்டைத் தள்ளினால், சாவியும் தேவையில்லை, கைப்பிடியைத் திருகவும் தேவையில்லை. தாழ் விலகிக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்துவிடும். வெளியே நிற்பவருக்கு மட்டும் அது பூட்டிய கதவாகவே இருக்கும். பள்ளிப் பாதுகாப்புக் குழுவில் உள்ள ஆசிரியை என்ற முறையில், இதே கருவியை வாங்க நினைக்கும் பிற பள்ளிகளுக்காக இதை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைவிட அதை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதே முக்கியம் என்று கண்டதால், நிறுவனங்களை ஒப்பிடவில்லை.

இந்தக் கருவியின் வரலாறு குழந்தைகளின் மரணத்தில் தொடங்குகிறது. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா ஹாலில் நடந்த நிகழ்ச்சியின் முடிவில் பரிசுகள் வழங்கப்பட்டபோது, மேல்தளத்தில் இருந்த பிள்ளைகள் அவற்றைப் பெறும் ஆவலில் படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவோ உட்பக்கமாகத் திறப்பது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டுமே நுழையும் இடைவெளியில் தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் அங்கே நெரிசலில் இறந்தார்கள். அங்கே தீ இல்லை, புகை இல்லை. திறக்க முடியாத ஒரு கதவு மட்டுமே இருந்தது. அதன்பின் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் திறக்கும் தாழுக்கு 1892-இல் காப்புரிமை பெற்றார். சிகாகோவின் இரோகுவா அரங்கில் 1903-இல் அறுநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்த பிறகு அமெரிக்காவிலும் இதற்கான முயற்சி தொடங்கி, 1908-இல் பேனிக் பார் அங்கே விற்பனைக்கு வந்தது.

செயல்பாட்டில் எனக்குக் குறை இல்லை. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 1125-இன்படி, கதவின் மீது அழுத்தம் எதுவும் இல்லாதபோது 80 நியூட்டனுக்கு மிகாத விசையிலும், கதவின் மீது 1000 நியூட்டன் அழுத்தம் இருக்கும்போது 220 நியூட்டனுக்கு மிகாத விசையிலும் தாழ் விடுபட வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் நெரிசலுக்கானது. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். வெளியேறும் பயிற்சியின்போது மூத்த மாணவர்கள் சிலரைக் கதவில் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு சிறுமியைத் தண்டைத் தள்ளச் சொன்னோம். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து முன்னால் சாய்ந்த மாத்திரத்தில் ‘டக்’ என்ற ஒலியுடன் கதவு திறந்துகொண்டது. எப்படித் திறப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் அது தண்டின் உயரத்தை மாற்றிய பிறகு நடந்தது. பொருத்த வந்தவர்கள் பெரியவர்களுக்கு ஏற்றபடி தரையிலிருந்து 1100 மில்லிமீட்டர் உயரத்தில் தண்டை வைத்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய முகத்துக்கு நேரே வரும். கையைத் தூக்கித் தள்ளும்போது உடலின் எடை தண்டின் மீது இறங்குவதே இல்லை. 900 முதல் 1100 மில்லிமீட்டர் வரை என்று வரையறுக்கும் அதே தரநிலை, சிறு குழந்தைகள் அதிகம் உள்ள இடங்களில் உயரத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது. இதை எடுத்துக்காட்டிய பிறகும் விற்பனையாளர் தயங்கினார். எழுத்து மூலம் கேட்ட பின்புதான் ஆள் அனுப்பினார். ஆகவே உயரத்தைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

வடிவத்தில் இரண்டு வகை உண்டு. இரு முனைகளிலும் கைபோல நீண்டு நிற்கும் பழைய குழாய் வகையில் புத்தகப் பையின் வார் மாட்டிக்கொள்கிறது. கதவோடு ஒட்டிய பட்டை வகையில் அந்தத் தொல்லை இல்லாததால், பள்ளிக்கு அதையே பரிந்துரைப்பேன்.

பராமரிப்பு எளிதுதான், ஆனால் தவறக் கூடாது. இரட்டைக் கதவில் கீழ்த்தாழ் இறங்குவதற்காகத் தரையில் உள்ள குழியில் மணல், சாக்பீஸ் துண்டு, பென்சில் சீவல் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. அப்போது தாழ் முழுமையாக இறங்காமல் கதவு சரியாகப் பூட்டுவதில்லை. பூட்டவில்லை என்றதும் யாராவது சங்கிலி கொண்டுவந்து தண்டைச் சுற்றிப் பூட்டுகிறார்கள். எங்கள் பள்ளியிலும் திருட்டுப் பயத்தால் மாலையில் போட்ட சங்கிலி காலையில் கழற்றப்படாமலே கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. சங்கிலி சுற்றிய பேனிக் பார் வெறும் இரும்புத் துண்டு. கதவு திறக்கும் என்று நம்பி பிள்ளைகள் ஓடிவருவார்கள் என்பதால் அது இன்னும் ஆபத்தானது. இப்போது குழியை வாரந்தோறும் சுத்தம் செய்கிறோம். தண்டைத் தள்ளியதும் ஒலிக்கும் எச்சரிக்கை மணியையும் சேர்த்திருக்கிறோம். அதன்பின் சங்கிலிக்குத் தேவை ஏற்படவில்லை.

இந்தக் கருவி, கதவுவரை வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உதவும். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் அவர் லேடி ஆஃப் ஏஞ்சல்ஸ் பள்ளியில் ஏற்பட்ட தீயில், திறந்த படிக்கட்டு வழியே ஏறிய புகை மேல்தளத் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டதால், வகுப்பறைகளை விட்டு வெளியேற முடியாமல் 92 மாணவர்களும் 3 ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். மாடிக் கட்டடம் உள்ள பள்ளிகள் படிக்கட்டைப் புகை புகாதபடி மறைக்கும் கதவுகளையும், எல்லாத் தளங்களுக்கும் கேட்கும் எச்சரிக்கை மணியையும் இதோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்தப் படிக்கட்டுக் கதவுகளுக்கும் பேனிக் பார் வாங்குவதானால், தண்டை உள்ளழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் வசதி இல்லாத, தீத்தடுப்புக் கதவுக்கென்று சான்று பெற்ற வகையையே கேளுங்கள். தாழ் விழாமல் நிற்கும் கதவு தீயின்போது மூடியபடி இருக்காது.