ஊசிப்புழு லூரும் நீர்த்தட்டுப் பொறியும்: இரண்டு நடவு வைத்துப் பார்த்ததில்

ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. போன வருஷம் கோடை நடவில், நட்டு நாற்பது நாள் இருக்கும், கீழ் இலைகளில் வெள்ளையாகக் கொப்புளம் கட்டியது. ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். மேல்தோலும் அடித்தோலும் கண்ணாடித்தாள் மாதிரி மிஞ்சியிருக்க, நடுவில் ஒரு சின்னப் புழு நெளிந்தது. தலைக்குப் பின்னால் கருப்பாக ஒரு பட்டை. பத்து நாளில் காயின் காம்படியில் ஊசி குத்தினாற்போல ஓட்டை. மண்டியில் அந்தக் காயைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள்.

பூச்சிமருந்துக் கடையில் சொன்னதும் லூர் எடுத்துக் கொடுத்தார்கள். ஆண் அந்துப்பூச்சியைப் பொறிக்கு இழுக்க, பெண்ணின் வாசனையை ஏற்றி வைத்திருப்பதுதான் லூர். எட்டுப் பொறி கட்டி ஒரு வாரம் பார்த்தேன், ஒரு அந்துகூட விழவில்லை. கவரை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அது காய்ப்புழுவுக்கான லூர். ஒவ்வொரு அந்துக்கும் பெண் விடுகிற வாசனை வேறு. ஒன்றின் லூருக்கு இன்னொன்று வராது. ஆகவே வாங்கும்போது ‘தக்காளி ஊசிப்புழு’ என்று சொல்லிக் கேளுங்கள், கவரில் அதன் இன்னொரு பெயரான ‘டூட்டா’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புழுவையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தக்காளி இலையில் பாம்பு ஊர்ந்த தடம்போல மெல்லிய கோடு ஓடினால் அது அந்து இல்லை, ஒரு சின்ன ஈயின் புழு. அதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறிதான் சரி. கொப்புளமாகப் பரந்து, உள்ளே கருப்பு எச்சம் கிடந்தால் ஊசிப்புழு. இந்தக் கணக்கு தக்காளிக்கு மட்டும். வீட்டு எலுமிச்சைத் துளிரில் வெள்ளிக்கோடு இழுத்து இலையைச் சுருட்டுவது அந்துதான், மானாவாரிக் கடலையில் வருகிற சுருள் பூச்சியும் அந்துதான். இரண்டும் வேறு வேறு இனம், இந்த லூரில் விழாது.

சரியான லூரை ஒட்டுத்தாள் வைத்த முக்கோணப் பொறியிலும், தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் லூரை மாட்டுகிற நீர்த்தட்டுப் பொறியிலும் போட்டுப் பார்த்தேன். முக்கோணப் பொறிக்கு நான் காசு கொடுக்கச் சொல்லமாட்டேன். எங்கள் செம்மண் புழுதி நாலே நாளில் தாளில் படிந்து பசை போய்விடுகிறது. தட்டுப் பொறி நன்றாக வேலை செய்தது. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு எண்ணெய் விட்டால் விழுந்த அந்து எழுந்து பறப்பதில்லை. முதலில் தலை உயரத்தில் கட்டியிருந்தேன், தினம் மூன்று நாலுதான் விழுந்தது. தரையிலிருந்து ஒரு அடியில் இறக்கி வைத்த மறுநாள் காலை ஒரே தட்டில் முப்பத்தேழு எண்ணினேன். ஏறக்குறைய அரிசி நீளம், சாம்பல் நிறம், இறகில் கரும்புள்ளி. பகலில் இலைக்கடியில் ஒண்டிக்கொள்ளும், பொழுது சாயும்போதும் விடிகிறபோதும் பறக்கும்.

லூர் ஒன்று 50 ரூபாய், தட்டு 130. ஏக்கருக்குப் பதினாறு வீதம் இருபத்துநாலு வைத்தேன், மொத்தம் 4,320. எனக்கு ஒரு தடவை மருந்தடிக்க ஆள் கூலியோடு 3,000 ஆகும். போன நடவில் ஏழு தடவை அடித்தேன், இந்த நடவில் மூன்று. தட்டில் எண்ணிக்கை ஏறுகிறபோது மட்டும் இலையைப் புரட்டிப் பார்த்து அடித்ததால் வந்த மிச்சம் அது.

குறையும் இருக்கிறது. கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றாவிட்டால் தட்டு காய்ந்துவிடும். லூரை மாட்டுகிற கொக்கி நாலு தட்டில் ஒடிந்துபோனது, கம்பி வைத்துக் கட்டினேன். கவரில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. மருந்து பட்ட கையால் லூரைத் தொடக்கூடாது, மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் என் தம்பி மகள் படித்துச் சொன்னது. இதைத் தமிழில் அச்சடிக்க என்ன கஷ்டம்?

இன்னொன்று, லூருக்கு வருவது ஆண் மட்டும். அதற்குள் ஒரு ஆணோடு சேர்ந்த பெண் 260 முட்டை வரை இடும். 27 டிகிரி வெயிலில் முட்டையிலிருந்து அந்தாக 24 நாள் போதும். அதனால் பொறி மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. இது பெரு நாட்டில் பிடித்த அந்தை வைத்து 1917இல் பெயர் வைக்கப்பட்ட பூச்சி. 2006இல் ஸ்பெயினுக்கு வந்து, 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் வந்ததற்குப் பக்கத்துக் கொல்லை எம்மாத்திரம்?

மேற்கு வரிசைத் தட்டுகளில் மட்டும் எண்ணிக்கை குறையாமல் இருந்தது. அந்தப் பக்கம் பெரியப்பா கொல்லை. தக்காளிப் பெட்டி (கிரேட்) 80 ரூபாய்க்கு இறங்கியதும் பறிக்காமல் விட்டுவிட்டார். செடியெல்லாம் கொப்புளம்.

“பெரியப்பா, செடியைப் பிடுங்கிடலாமா? எங்க ஆளையே விட்டுப் பிடுங்கித் தரேன்.”

“ரேட்டு ஏறுனா இன்னும் ரெண்டு பறி பறிக்கலாம்னு பாக்கறேன்மா.”

அவரைக் கூட்டிவந்து தட்டைக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நாலாம் நாள் பிடுங்கி, குழி வெட்டி மூடினோம். எங்கள் வரப்பில் குழம்புக்கென்று விட்டுவைத்திருந்த மணத்தக்காளியிலும் அதே கொப்புளம் இருந்ததால் அதையும் எடுத்தேன். மூன்று வாரத்தில் மேற்கு வரிசையில் தட்டுக்கு ஐந்து, ஆறு என்று இறங்கியது.

அடுத்த நடவுக்குத் தட்டுகளைக் கழுவி அடுக்கியாயிற்று, லூர் மட்டும் வாங்கினால் போதும். பெரியப்பாவும் பத்துத் தட்டு சொல்லியிருக்கிறார்.