ஏகாஸ் ஹெல்ப்லைன்: கெஞ்சப் போனவளுக்குக் கேட்கச் சொல்லித் தந்தார்கள்

லண்டனில் ஒரு சுப்பர்மாக்கெற்றில் ஒன்பது வருடமாக ரில்லில், அதாவது காசு வாங்குகிற இடத்தில், நிற்கிறேன். போன வருடம் மார்பில் புற்றுநோய். ஒப்பரேஷன், கீமோ என்று ஏழு மாதம் போனது. அப்புறம் ஜீபி (குடும்ப டொக்டர்) தந்த ஃபிட் நோட்டில், அதாவது வேலைக்குப் போகலாமா என்று எழுதித் தருகிற துண்டில், 'வேலை செய்யக்கூடும்' என்ற பெட்டியில் அடையாளம் போட்டிருந்தது. முதல் மாதம் கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம், பாரம் தூக்கக்கூடாது. மனேஜர் அதைப் பார்த்துவிட்டு, முழுசாகச் சுகமான பிறகு வரலாம் என்றார். சுகமில்லாத நாட்களுக்குச் சட்டப்படி தருகிற 28 கிழமை சிக் பே ஏற்கெனவே முடிந்துவிட்டது. வாடகை அதுவரை காத்திருக்குமா?

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் ஏகாஸுக்குப் போன் எடுத்தேன். வேலைத்தல உரிமைகள், பிரச்சினைகள் பற்றி ஆலோசனை சொல்கிற, அரசாங்கப் பணத்தில் நடக்கிற அமைப்பு. முதலாளி பக்கமும் இல்லை, தொழிலாளி பக்கமும் இல்லை. ஆலோசனைக்குக் காசு இல்லை.

"கொஞ்சம் தயவு காட்டச் சொல்லி எப்படி எழுதுவது?" என்றுதான் கேட்டேன். போனில் பேசிய பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, தயவு என்ற சொல்லையே விடச் சொன்னார். 2010 சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே நான் மாற்றுத்திறனாளியாகக் கணக்கு. மற்றப் பல நோய்களுக்கு ஒரு வருடம் நீடிக்குமா என்று காட்டவேண்டும், எனக்கு அது தேவையில்லை. முதலாளி 'நியாயமான மாற்றங்கள்' செய்தாக வேண்டும். படிப்படியாகத் திரும்புவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, ஆனால் என் நிலையில் அதுவே ஒரு நியாயமான மாற்றமாகலாம். ஃபிட் நோட் வெறும் ஆலோசனை, அது மனேஜரைக் கட்டாது. சட்டம் கட்டும். நான் இவ்வளவு நாளும் ஃபிட் நோட்டைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன்!

சம்பள விஷயம் கசப்பு. செய்த மணித்தியாலத்துக்குச் சம்பளம் உண்டு, மீதிக்கு முழுச் சம்பளம் தரவேண்டும் என்று இல்லை. ஆனால் சிக் லீவில் படுத்திருந்தபோதும் வருடாந்த லீவு சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை வேலையில்லாத நாட்களில் போட்டுத் தரும்படி கேட்கலாமாம். வேலைத்தலத்தில் ஒருவரும் இதைப் பற்றி எனக்கு வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் போக முடியாவிட்டால் ரக்சிக் காசுக்கு 'அக்செஸ் டு வேர்க்' என்ற அரசு உதவி இருக்கிறது, அதற்கு நாங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அந்தப் பெண் சொன்னார்.

உங்களுக்காகச் சண்டை பிடிக்க ஆள் தேடினால் இது இடமில்லை. அவர்கள் சட்டத்தரணி இல்லை, மனேஜருக்கு ஒரு வரிகூட எழுதித் தரமாட்டார்கள். வழக்குப் போடும் நிலை வந்தால் அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் பேசவைக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். யூனியனில் இருப்பவர்கள் முதலில் அங்கே கதைப்பது நல்லது. நான் சந்தாவை மிச்சம் பிடித்த கெட்டிக்காரி.

எடுக்கும்போது ஃபிட் நோட்டையும் ஒப்பந்தத்தையும் கையில் வைத்திருங்கோ. சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கோ. நான் அன்றிரவே மகனை வைத்து மின்னஞ்சல் எழுதினேன். அதில் 'தயவுசெய்து' ஒரே ஒரு தடவை. 'நியாயமான மாற்றம்' மூன்று தடவை. ஐந்தாம் நாள் கூட்டம் வைத்தார்கள். எட்டுக் கிழமைக்கான திட்டம், எழுத்தில்.

ரில்லுக்குக் கதிரை வர இன்னும் மூன்று கிழமை எடுத்தது. இப்போது நான் இல்லாத நாட்களில் மற்றப் பிள்ளைகள் மாறி மாறி அதில் இருக்கிறார்கள்.