முடி கொட்டாது என்று சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், நோய் எதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்கும் நோய்) உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் என்ற பெயரைச் சொல்லி என் அக்காவிடம் வேறு எதையோ விற்றார்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது நான்தான். வழக்கு போகிறது, அதனால் பெயர் போட முடியவில்லை.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் வந்து 14 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் வந்து வந்து போகும் வகை. கண் மங்கும், கால் மரத்துப்போகும், ஸ்டீராய்டு போட்டால் ஓரளவு திரும்பிவிடும். ஃபிங்கோலிமோட் என்ற எம்.எஸ். மருந்தை எடுக்க ஆரம்பித்த பிறகு அந்த அட்டாக் நின்றது, எம்.ஆர்.ஐ.யிலும் மூளையில் புது அழற்சிப் புள்ளிகள் இல்லை, ஆனால் நடை மட்டும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் கைத்தடி வந்துவிட்டது. டிரான்ஸ்பிளான்ட் பற்றி அவளுடைய நியூராலஜிஸ்ட்டிடம் கேட்டோம். "இப்போது உங்களுக்கு அழற்சி அடங்கித்தான் இருக்கிறது. ஏற்கெனவே செத்துப்போன நரம்பை அந்தச் சிகிச்சை திருப்பித் தராது, ஆபத்துதான் மிச்சம்" என்றார். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். எங்களுக்கோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் வேறு ஒரு நாட்டில் இருக்கும் இந்த கிளினிக் என் கண்ணில் பட்டது. போனில் பேசிய பெண் அவ்வளவு அன்பாகப் பேசினார். ஒரு பிடிஎஃப் அனுப்பினார். அதில் 2019ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இருந்தது. 110 பேர், பாதிப் பேருக்கு டிரான்ஸ்பிளான்ட், மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து. மருந்து எடுத்தவர்களில் 34 பேருக்கு நோய் முற்றியது, டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களில் 3 பேருக்குத்தான். ஆய்வு உண்மை, எண்களும் உண்மை. இவர்கள் செய்வது அந்தச் சிகிச்சையே இல்லை, பொய் அங்கேதான் இருந்தது.

அந்த ஆய்வில் செய்தது இப்படி. முதலில் மருந்து கொடுத்து நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைத்து, ஒரு இயந்திரம் வழியாகப் பிரித்தெடுத்து உறையவைக்கிறார்கள். அப்புறம் கடுமையான கீமோவும் ஏடிஜி என்ற மருந்தும் கொடுத்து, நரம்பைத் தாக்கிக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்பு செல்களை அழிக்கிறார்கள். அதன் பிறகு உறையவைத்த செல்களைத் திருப்பி ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். வைத்தியம் செய்வது கீமோ. ஸ்டெம் செல் போய் நரம்பை ஒட்டவைப்பதில்லை, கீமோவில் அடிபட்ட மஜ்ஜை மறுபடி ரத்தம் தயாரிக்க அது வேண்டும், அதற்குத்தான். இடையில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போகும் நாட்கள் இருக்கின்றன, வாரக்கணக்கில் தனி அறை, காய்ச்சல், ரத்தம் ஏற்றுவது, குழந்தை பெறும் வாய்ப்பு போய்விடலாம், சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளைக்கூடத் திரும்பப் போட வேண்டியிருக்கும். சாவும் நடந்திருக்கிறது. கனடாவில் 24 பேருக்குச் செய்து 2016ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் ஒருவர் இறந்தார். மற்றவர்களுக்கு அதன் பிறகு ஒரு அட்டாக்கூட வரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நல்ல சிகிச்சைதான், ஆனால் அழற்சி கொழுந்துவிட்டு எரியும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. ஜாமா ஆய்வில் சேர்த்ததே, மருந்து எடுத்தும் ஒரே வருடத்தில் திரும்பத் திரும்ப அட்டாக் வந்தவர்களைத்தான்.

எங்களிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கீமோ கிடையாது, முடி கொட்டாது, 4 நாளில் வீட்டுக்குப் போகலாம்." அக்காவுக்கு முடி என்றால் உயிர். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அவர்கள் போட்டது தொப்புள்கொடியிலிருந்து எடுத்ததாகச் சொன்ன மெசன்கைமல் செல்கள். இதுவும் ஸ்டெம் செல்தான், பெயர்தான் ஒன்று, வேலை வேறு. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மெசன்கைமல் செல்களை எம்.எஸ்.க்கு முறையாகச் சோதித்த மெசெம்ஸ் என்ற ஆய்வு, 144 பேர், 2021ல் முடிவு வந்தது, மூளையில் புதிதாக வரும் அழற்சிப் புள்ளிகளை அது குறைக்கவில்லை. இதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். பணம் முழுவதும் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தது அக்காவைப் படுக்கவைத்த பிறகு. அதன் 3ஆம் பக்கத்தில் 'பலன் நிரூபிக்கப்படாதது' என்று சின்ன எழுத்தில் இருந்தது, நான் கேட்டதற்கு "எல்லா ஆஸ்பத்திரியிலும் போடுவதுதான் சார்" என்றார்கள். சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்று. அதன் மேல் பேனாவில் எழுதிய ஒரு எண் மட்டும். எந்த லேபில் தயாரானது, எந்தத் தேதி, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது, ஒன்றும் இல்லை. பாதியைக் கையில் டிரிப்ஸ் வழியாகவும் மீதியை முதுகுத்தண்டிலும் போட்டார்கள், 40 நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கட்டடத்தில் ரத்தவியல் டாக்டர் ஒருவர்கூட இல்லை.

மூன்றாம் நாள் அக்கா தடி இல்லாமல் 12 படி ஏறினாள். நாங்கள் எல்லோரும் அழுதோம். அவர்கள் கேமராவோடு தயாராக நின்றார்கள். டிஸ்சார்ஜ் தாளைப் பிறகு வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஊசி போட்ட நாளிலிருந்து தினமும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு. சில நாள் தெம்பாக இருக்கும், அப்புறம் இறங்கிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. "புது செல் வேலை செய்ய வேண்டும் என்றால் பழைய மருந்தை நிறுத்துங்கள்" என்று சொல்லி ஃபிங்கோலிமோடை நிறுத்தவைத்தார்கள். உங்கள் நியூராலஜிஸ்ட்டிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவர் பயமுறுத்துவார் என்றும் சொன்னார்கள். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லேயே எச்சரித்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் நிறுத்திய 12 வாரத்துக்குள். அக்காவுக்கு 9ஆம் வாரம். காலையில் டம்ளரை எடுக்கப் போனவள் கை அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் பேச்சு குழறியது. எம்.ஆர்.ஐ.யில், பல வருடங்களாகப் புதுப் புள்ளியே இல்லாத மூளையில் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள் ஒளிர்ந்தன. பழைய டாக்டரிடமே ஓடினோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, 5 நாள் ஸ்டீராய்டு போட்டு வேறு மருந்து ஆரம்பித்தார். பேச்சு திரும்பிவிட்டது. இடது கை பாதி. நடை திரும்பவில்லை.

கிளினிக்கில் கேட்டதற்கு, உடம்பு குணமாகும்போது இப்படி வரும், இன்னொரு டோஸ் போட்டால் சரியாகும், தள்ளுபடி தருகிறோம் என்றார்கள்.

யாராவது இப்போது இப்படி ஒரு இடத்தோடு பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: என்ன கீமோ, எந்த மருந்து, யார் ரத்தவியல் டாக்டர்? கீமோவே இல்லை என்றால் அது ஆய்வுகளில் வந்த டிரான்ஸ்பிளான்ட் இல்லை. உண்மையான டிரான்ஸ்பிளான்ட் மையம் உங்கள் எம்.ஆர்.ஐ.யையும் பழைய மருந்துப் பட்டியலையும் பார்க்காமல் தேதி தராது, பொருந்தாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். எங்களை அந்த கிளினிக் ஒரு ஸ்கேன்கூடக் கேட்கவில்லை. தயவுசெய்து எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை உங்கள் நியூராலஜிஸ்ட்டுக்குத் தெரியாமல் நிறுத்தாதீர்கள், யார் சொன்னாலும்.

பச்சைச் சால்வை போர்த்திய ஒரு பெண் படி ஏறுகிற வீடியோ உங்களுக்கும் வரலாம். எடுக்கச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது என் அக்கா. எடுத்தது மூன்றாம் நாள். இப்போது அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.