பாடநூலை மின்வடிவில் வெளியிட: டேக் செய்த பிடிஎஃப்பா, ஈபப் 3-ஆ?

பார்வையற்ற மாணவர்களும் திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்) படிக்கும்படி பாடநூலைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு: டேக் செய்த பிடிஎஃப் (தலைப்பு, பத்தி, அட்டவணை எது எது என்று உள்ளே குறியிட்ட பிடிஎஃப்), ஈபப் 3 (மின்நூல் வடிவம்). நான் ஈபப் பக்கம்.

எழுத்தைப் பெரிதாக்கினால் ஈபப்பில் வரிகள் திரைக்கேற்ப மடங்கும், பிடிஎஃப்பில் பெரும்பாலும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். இது தெரிந்த கதைதான். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: திருத்தம்.

எந்தப் பாடநூலும் ஒரே பதிப்போடு நிற்பதில்லை. பிடிஎஃப்பில் அணுகல் வேலையின் (பார்வையற்றவரும் படிக்கும்படி கோப்பைச் சீராக்குவதன்) பெரும்பங்கு ஏற்றுமதிக்குப் பிறகு, பிடிஎஃப்பைத் திருத்தும் அக்ரோபேட் மென்பொருளில் நடக்கிறது. வாசிப்பு வரிசையை ஒழுங்காக்குவது, அட்டவணையின் தலைப்புக் கட்டங்களைக் குறிப்பது, அலங்காரக் கோடுகளைத் திரைவாசிப்பான் தாண்டிப் போகும்படி 'ஆர்ட்டிஃபாக்ட்' ஆக்குவது எல்லாம் அங்கேதான். பிறகு வேர்டிலோ இன்டிசைனிலோ ஒரு பத்தியைத் திருத்தி மறுபடி ஏற்றுமதி செய்தால், அக்ரோபேட்டில் கையால் செய்தது அத்தனையும் போய்விடும். தலைப்பு ஸ்டைல்களையும் படங்களுக்கான மாற்று உரையையும் (படத்தைச் சொற்களில் விவரிக்கும் குறிப்பு) மூலக் கோப்பிலேயே வைத்தால் இழப்பு குறையும். ஆனாலும் கட்டங்கள் இணைந்த அட்டவணை வந்துவிட்டால் மறுபடி கைவேலைதான். அவசரத்தில் அது விடுபடும், இரண்டாம் பதிப்பு முதல் பதிப்பைவிட மோசமாகிவிடும்.

ஈபப் என்பது எக்ஸ்எச்டிஎம்எல் (வலைப்பக்கம் போன்ற) கோப்புகளின் ஜிப் பொட்டலம். திருத்த வேண்டிய அத்தியாயத்தின் கோப்பை மட்டும் தொட்டால் போதும், மற்றவை அப்படியே இருக்கும். மாற்றிய தேதியைப் புதுப்பித்துத் திரும்பக் கட்டும்போது இது ஈபப் என்று அறிவிக்கும் மைம்டைப் கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈபப்பைச் சரிபார்க்கும் ஈபப்செக் கருவி பிழை காட்டும். அடுத்து, டெய்சி அமைப்பின் அணுகல் சோதனைக் கருவியான ஏஸில் சோதிக்கலாம். மாற்று உரை இருக்கிறதா என்றுதான் அது சொல்லும். அந்த உரை படத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத் தோரியம் ரீடர் என்ற மின்நூல் செயலியில் திறந்து, என்விடிஏ திரைவாசிப்பான் வாசிக்கக் காதால் கேட்டுத்தான் அறிய முடியும்.

தமிழ் நூலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிடிஎஃப் எழுத்துருவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைப்பதால், 'கொ' என்பதை நகலெடுத்தால் பல கோப்புகளில் கொம்பு முன்னால் வந்து 'ெகா' ஆகிவிடும். தேடலும் கிடைக்காது, திரைவாசிப்பானும் தடுமாறும். ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஈபப்பில் யூனிகோட் வரிசை கலையாது. மொழிக் குறியைத் தமிழ் என்று வைக்க மட்டும் மறக்கக் கூடாது, மறந்தால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயலும்.

கணிதத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. சமன்பாடுகளை எழுதும் குறிமொழியான மேத்எம்எல்லை ஈபப் ஏற்கிறது. ஆனால் சமன்பாடு எப்படி ஒலிக்கும் என்பது வாசிப்புச் செயலியையும் திரைவாசிப்பானையும் பொறுத்தது. மாணவர் பயன்படுத்தும் செயலியிலேயே ஓர் அத்தியாயத்தைச் சோதித்துவிட்டு முழு நூலில் இறங்குவது நல்லது.

நிரப்பும் படிவங்களுக்கும் அச்சுக்கும் பிடிஎஃப்பே சரி. மேற்கோளுக்கு அச்சுப் பக்க எண் வேண்டுமே என்பவர்கள் அச்சுப் பக்க எண்களைக் காட்டும் பக்கப் பட்டியலை ஈபப்பிலேயே சேர்த்துவிடலாம்.